காற்றுப் பையும் கடைக்கார அக்காவும்

நான் கள்ளன் என்பது கடைக்கார அக்காவுக்கு முதல் நாளே தெரிந்துவிட்டது. எனக்குத் தெரியவரத்தான் கொஞ்ச காலம் பிடித்தது.

பதுளை பஜாரில் மளிகைக் கடை வைத்திருந்தவர் அவர். ஊருக்கே அக்கா. தாத்தா காலத்தில் இந்தியாவிலிருந்து வந்து கடை போட்ட குடும்பம். கணவர் போன பிறகு கடையையும், லுணுகலைக்கு மேலே மலையில் அவர் விட்டுப்போன மிளகுத் தோட்டத்தையும் தனியாளாகப் பார்த்துக்கொண்டார். பார்த்துக்கொண்டார் என்றால் நாமெல்லாம் பார்ப்பதுபோல் இல்லை. மூட்டையைப் பார்க்க மாட்டார், மூட்டையின் வாயைக் கட்டிய கயிற்றைப் பார்ப்பார். அவருக்கென்று ஒரு முடிச்சு இருந்தது. சாயங்காலம் கடை அடைக்கும்போது பிரித்த மூட்டைகளையெல்லாம் அந்த முடிச்சுப் போட்டுக் கட்டிவிட்டுப் போவார். காலையில் ஒவ்வொரு முடிச்சையும் விரலால் தடவிப் பார்த்த பிறகுதான் சாமி படத்துக்கு ஊதுபத்தி. சாமி காத்திருக்கலாம், பருப்பு காத்திருக்காது.

கோயிலுக்குப் போனால் இரண்டு செருப்பையும் ஓரிடத்தில் கழற்ற மாட்டார். இடது கால் செருப்பு முன்வாசலில், வலது கால் செருப்பு பின்வாசலில். "ஒத்தச் செருப்ப எவன் தூக்குவான்?" என்பார். திருவிழாக் கூட்டத்தில் ஒரு காலில் செருப்போடு மறு செருப்பைத் தேடி அவர் சுற்றி வருவதைப் பார்த்து எல்லோரும் சிரிப்பார்கள். ஆனால் அவர் செருப்பு ஒருநாளும் களவு போனதில்லை. சிரித்தவர்களுடையது போயிருக்கிறது.

அங்கேதான் அவருடைய பலம் இருந்தது. அவர் சந்தேகப்பட்டதில் பாதி உண்மையாக இருக்கும். அந்தப் பாதியை வைத்துக்கொண்டு மீதிப் பாதிக்கும் அவரே தீர்ப்பு எழுதிவிடுவார். ஜீப்புக்கு வைத்த ஓட்டுநர்கள் ஒருவர் பின் ஒருவராகப் போனார்கள். டீசல் திருடுகிறான், டயரை மாற்றுகிறான், ஒருத்தன் சும்மாவே சிரிக்கிறான், என்னமோ இருக்கு. கடைசியில் ஐம்பது வயதுக்கு மேல் தானே ஓட்டப் பழகினார். பழக்கியவனையும் நம்பவில்லை. பிரேக்கை அவன் தப்பான காலால் மிதிக்கச் சொல்கிறானோ என்று வேறு நாலு பேரிடம் விசாரித்துக்கொண்டாராம்.

அந்த ஜீப்பில்தான் என் கதையும் மாட்டியது.

ஜப்பானில் ஓடி இங்கே வந்த பழைய ஜீப். முன்பக்கம் எல்லா வண்டிக்கும் உள்ளதுபோல் ஸ்பிரிங். பின்பக்கம் ஸ்பிரிங் கிடையாது. அதன் இடத்தில் சக்கரத்துக்கு ஒன்றாக இரண்டு ரப்பர் பைகள், உள்ளே காற்று. பாரம் ஏறிப் பின்பக்கம் பணிந்தால் ஒரு சென்சர் அதைக் கண்டுபிடித்துச் சொல்லும். கம்ப்ரசர் காற்றை அடித்து வண்டியை நிமிர்த்தும். நல்ல ரோட்டில் பல்லக்கில் போவதுபோல் போகலாம். ஆனால் அக்கா போக வேண்டியது லுணுகலைக்கு மேலே கருங்கல் பாதையில். மிளகு பறிக்கும் காலத்தில் வாரம் தவறாமல் அங்கே போய் நிற்காவிட்டால் கொடியையே உருவிக்கொண்டு போய்விடுவார்கள் என்று அவருக்குப் பயம். ஒவ்வொரு தடவையும் வண்டியின் வயிறு கல்லில் உரசியது. உயர்த்தியே ஆக வேண்டும்.

மற்றக் கராஜ்காரர்கள் எல்லோரும் ஒரே யோசனை சொன்னார்கள்: காற்றுப் பையைக் கழற்றி எறிந்துவிட்டு உயரமான ஸ்பிரிங்கைப் போடுங்கள். அதிலே தவறில்லை, பலபேர் அப்படித்தான் செய்வார்கள். ஆனால் அக்காவின் மூக்கு வியர்த்துவிட்டது. "ஏன் எல்லாரும் அந்தப் பையக் கழட்டுறதுலயே குறியா இருக்காங்க?" கேள்வி நியாயமானதுதான். ஒரிஜினல் பை நல்ல நிலையில் இருந்தால் வாங்க ஆள் இருக்கிறது. எங்கள் தொழிலில் அப்படியெல்லாம் நடக்காது என்று நான் சொன்னால் என் கையிலிருக்கும் ஸ்பானரே சிரிக்கும்.

அப்படித்தான் என்னிடம் வந்து சேர்ந்தார். நான் தெமோதரைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், தொழிலாளர் லயத்து ஒற்றைக் காம்பராவில் பிறந்து, கொழும்பில் வேலை பழகி, ஹாலிஎல போகிற ரோட்டில் தகரக் கூரை போட்டுக் கராஜ் திறந்து அதிக நாள் ஆகவில்லை. கூட இருந்தது மச்சான், என் மனைவியின் அண்ணன். எங்களிடம் இருந்தவை ஜாக்கிகள், கொஞ்சம் சாமான், அதற்குமேல் நல்ல பேர். பேர் போனால் மற்றதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. "அவன் சாமான் மாத்துறவன்" என்று ஒரு சொல் விழுந்தால் போதும், அந்த வாசலுக்கு எந்த வண்டியும் திரும்பாது.

"நீயும் பையக் கழட்டணும்னுதான் சொல்லுவியா?" என்றார் வந்ததும்.

"வேண்டாங்கக்கா. பை இருக்கட்டும். முன்னுக்கு ஸ்பிரிங்குக்கு மேல அடைக்கட்டை வச்சு ஒசத்துறேன். பின்னுக்கு அந்தச் சென்சர் கம்பியக் கொஞ்சம் நீட்டிவிட்டாப் போதும். வண்டி, தான் பணிஞ்சு இருக்கிறதா நெனச்சு, தானே காத்தடிச்சு ஒசந்துக்கும்."

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"அப்ப வண்டிகிட்டப் பொய் சொல்றே."

"அப்பிடித்தான்னு வைங்களேன்."

"மெஷினுகிட்டயே இம்புட்டு லேசாப் பொய் சொல்றியே, என்கிட்ட எத்தனை சொல்லுவே தம்பி?"

மச்சான் சிரித்துவிட்டான். நானும் சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை. பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைத் தானே இழுத்துப் போட்டு, வண்டிக்கு நேர் எதிரே உட்கார்ந்தார். சாவி மேசைக்கு வரவில்லை. அது அவர் இடுப்பிலேயே இருந்தது.

மச்சான் மூன்று கிளாஸில் பிளேன்டீ கொண்டுவந்தான். அக்கா தன் கிளாஸைக் கையில் எடுத்தார், என் கிளாஸைப் பார்த்தார், "ஒனக்குச் சீனி கூடவா இருக்கு, இத நீ எடு" என்று மாற்றிக்கொண்டார். நான் ஒரு வாய் குடிக்கும் வரை காத்திருந்துவிட்டுத்தான் குடித்தார். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. பயந்த பிள்ளை ஒன்று பெரிய மனுஷி வேஷம் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பதுபோல் ஒரு பாவம்தான் தோன்றியது.

வண்டியைத் தூக்கும் முன் உள்ளே காற்றடிக்கும் சுவிட்சை அமத்தி நிறுத்திவைக்க வேண்டும். சாவியைக் கேட்டேன்.

"என்னத்துக்கு அமத்தணும்? எதை மறைக்கப் போறே?"

"இல்லக்கா. ஜாக்கியில தூக்குனா சக்கரம் கீழ தொங்கும். நாம அளவுக்கு மிஞ்சி ஒசந்துட்டோம்னு வண்டி நெனச்சுக்கிட்டு, காத்தத் தெறந்து விட்டுரும். கீழ படுத்திருக்கிறவன் கதி என்னாகும்?"

அவரே போய்த் தன் கையால் சுவிட்சை அமத்திவிட்டு வந்தார். "இதுவும் என்னைய மாதிரிதானா? எதையும் நம்பாதா?" என்றார். அன்றைக்கு முழுதும் அவர் முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது அப்போதுதான். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்திருந்தது.

வண்டி மேலே போனது. நாலு பக்கமும் முட்டுக் கொடுத்து, சக்கரங்களைக் கழற்றினோம். அக்கா எழுந்தார்.

"நீங்க ரெண்டு பேரும் கொஞ்சம் அங்கிட்டுப் போங்க."

எங்கள் கராஜிலிருந்து எங்களையே வெளியே அனுப்பினார். நாங்கள் ரோட்டோரம் போய் நின்றோம். திரும்பிப் பார்க்கக் கூடாதாம். ஆனால் வாசனை வந்தது. நகத்துக்குப் பூசும் கியூடெக்ஸ் வாசனை. அவர் விரல்களில் அதை நான் ஒருநாளும் பார்த்ததில்லை. வண்டியின் ஒவ்வொரு சாமானிலும் தனக்கு மட்டும் தெரிந்த இடத்தில் அடையாளம் வைக்கிறார் என்று புரிந்தது. மச்சான் என் காதில் சொன்னான்: "மடியில கனமில்லாட்டி வழியில என்ன பயம்? வைக்கட்டும் மச்சான்."

வேலை நடந்தது. அக்கா கண்ணை எடுக்கவில்லை. பாதி வேலையில் கடையிலிருந்து போன் வந்தது, அரிசி லொறி வந்து நிற்கிறது என்று. அவர் இல்லாமல் ஒரு மூட்டையை இறக்க அங்கே எவனுக்கும் தைரியம் கிடையாது. வெகுநேரம் யோசித்தார். கடை ஒரு பக்கம் இழுத்தது, வண்டி ஒரு பக்கம் இழுத்தது. கடைசியில் ஆட்டோ பிடித்து ஓடினார், ஓடியதுபோலவே திரும்பியும் வந்தார். அதற்குள் நாங்கள் சக்கரங்களை மாட்டி வண்டியை இறக்கியிருந்தோம். சுவிட்சைப் போட்டதும் கம்ப்ரசர் முனகி, பின்பக்கம் மெல்ல எழும்பி நின்றது. அழகாக வந்திருந்தது வேலை. எனக்கே பெருமை.

அக்கா குனிந்து போன் வெளிச்சத்தில் அடியில் பார்த்தார். முன்னே பார்த்தார், தலையாட்டிக்கொண்டார். பின்னே பார்த்தார். மறுபடி பார்த்தார். நிமிர்ந்தபோது முகம் மூடிய கடைக் கதவுபோல் இருந்தது. ஒரு வார்த்தை பேசாமல் கூலியைக் கொடுத்துவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். பேசாமல் போகிற அக்காவை அன்றுதான் முதலில் பார்த்தேன்.

அடுத்த நாளிலிருந்து பேசினார். என்னிடம் இல்லை, ஊரிடம்.

மளிகைக் கடைக்கு எல்லோரும் வருவார்கள். ஹல்துமுல்லையிலிருந்து வந்த லொறிக்காரர், தோட்டத்து வேன்காரர், ஆட்டோக்காரர் சம்சாரம் என்று யார் வந்தாலும் பருப்பை நிறுத்துக்கொண்டே சொல்வாராம்: "வண்டிய எங்க விட்டாலும் பாத்து விடுங்க. நான் கண்ண எடுத்த நேரத்துக்கு ரெண்டு பையையும் மாத்திப்புட்டான்." கூடவே தன் வழக்கமான வசனம்: "கண்ணு பாக்குற வரைக்குந்தான் கை சுத்தம்." உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? எஞ்சினைப் பிரித்துப் போட்டிருந்த ஒரு வேனைச் சொந்தக்காரர் வந்து அப்படியே கட்டி இழுத்துக்கொண்டு போனார். காரணம் கேட்டால், "ஒண்ணுமில்ல, சொந்தக்காரப் பையன் ஒருத்தன் செய்றேங்கிறான்" என்றார். கண்ணைப் பார்த்துச் சொல்லவில்லை.

அவர் கடைக்கே போய் நின்றேன்.

"அக்கா, நான் மாத்தினேன்னு எப்பிடிச் சொல்றீங்க?"

"பையில என் அடையாளம் இல்ல."

"எந்த எடத்துல வச்சீங்க? காட்டுங்க."

"சொன்னா நீ அங்கனயே போய் வச்சிருவே."

"சரி, வண்டியக் கொண்டாங்க. உங்க முன்னாலயே தூக்கிக் காட்டுறேன்."

"தூக்குனா பழைய பையத் திரும்பப் போட்டுருவே. அப்பறம் அக்கா பொய்க்காரி."

எந்தப் பக்கம் போனாலும் கதவு அடைத்திருந்தது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். இந்த அம்மாள் பட்டப்பகலிலும் பேயைக் கண்டார். கடையில் நின்றவர்கள் என்னைப் பார்த்த பார்வை முதுகிலேயே ஒட்டிக்கொண்டு கராஜ் வரை வந்தது.

நானும் கெட்டுக்கொண்டிருந்தேன். அன்று அக்கா போன நேரத்தில் நானும் போல்ட் வாங்கக் கொஞ்சம் வெளியே போயிருந்தேன். மச்சான் தனியாக இருந்தான். இந்த நினைப்பு வந்த கணத்தில் நான் அவனைத் திரும்பிப் பார்த்திருக்க வேண்டும். அவன் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னான்: "என்ன மச்சான், அக்கா காத்து ஒனக்கும் அடிச்சிருச்சா?" விளையாட்டாகத்தான் சொன்னான். நான் ஸ்பானரைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டேன்.

அந்த நாட்களில்தான் என் மனைவி ஒரு சேதி கொண்டுவந்தாள். அக்காவுக்குப் பசறையில் கூடப்பிறந்த தங்கச்சி இருக்கிறாராம். அம்மா இறந்த அன்று, அம்மாவின் கழுத்துச் சங்கிலியைக் காணவில்லை. பிணத்தைக் குளிப்பாட்டிய அறையில் அக்காவும் தங்கச்சியும் மட்டும்தான். அடக்கம் முடியும் முன்பே 'நீதானே எடுத்தே' என்று அக்கா கேட்டுவிட்டார், பந்தலில் வைத்து, எல்லோருக்கும் கேட்க. அன்றோடு பேச்சு அறுந்தது. வருஷக் கணக்காக லுணுகலைக்குப் போகும்போதும் வரும்போதும் பசறையில் அந்தச் சந்து வந்தால் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொள்வாராம்.

"சொந்தத் தங்கச்சிக்கே அந்தக் கதின்னா, நீங்க எம்மாத்திரம்?" என்றாள் மனைவி. ஆறுதலுக்குத்தான் சொன்னாள். எனக்கு ஆறவில்லை.

பிறகு நாலைந்து நாள் விடாமல் மழை. மழை விட்ட காலையில் போன் வந்தது. அக்காவின் குரல்.

"வண்டி மாட்டிக்கிச்சு. நீ ஒசத்துன வண்டி, நீயே வந்து பாரு."

மச்சான் போக வேண்டாம் என்றான். நாலு பேரை வைத்துக்கொண்டு கூப்பிடுகிறார், போய் நின்றால் அங்கே வைத்து மானத்தை வாங்கப் போகிறார் என்றான். எனக்கும் அதே சந்தேகம்தான். ஆனால் போகாவிட்டால் பயந்துவிட்டான் என்பார்கள். ஜாக்கியையும் கயிற்றையும் ஆட்டோவில் போட்டுக்கொண்டு இரண்டு பேருமே போனோம்.

லுணுகலையிலிருந்து மேலே ஏறும் பாதையில் மழை ரோட்டோரத்தைக் கரைத்திருந்தது. தண்ணீர் ஓடும் கான் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. ஜீப் ஒருபக்கமாகச் சாய்ந்து, வலது பின்சக்கரம் கானுக்கு மேலே அந்தரத்தில் தொங்கியது. தேயிலைக் கொழுந்து நிறுக்கப் போய்க்கொண்டிருந்த பெண்கள் கூடையோடு நின்று வேடிக்கை பார்த்தார்கள். அக்கா சேலை முழுக்கச் சேறாக ஒரு கல்லின் மேல் உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும், "இவன்தான்" என்றார் அந்தப் பெண்களிடம். சொல்லி வைத்திருக்கிறார். மச்சான் சொன்னது சரிதான்.

நான் ஜாக்கியை எங்கே வைக்கலாம் என்று குனிந்து பார்த்தேன். சக்கரம் தொங்கிய பக்கத்துக் காற்றுப் பை முழுதாக நீண்டிருந்தது. அதன் கீழ்ப்பகுதியில் மூன்று சிவப்புப் பொட்டுகள், அடுப்புக்கல் வைத்ததுபோல் முக்கோணமாக.

தலையை இன்னும் உள்ளே நீட்டிப் பார்த்தேன். பிறகு எல்லாம் ஒரேயடியாக விளங்கியது. அந்தப் பை தன்மேலேயே மடிந்து உட்காரும் சாதி. சட்டைக் கையைச் சுருட்டிவிட்டால் சுருட்டலுக்குள் போன கறை தெரியாது, அப்படித்தான். அன்று கராஜில் வண்டி ஜாக்கியில் நின்றபோது சக்கரம் தொங்கி, பை நீண்டிருந்தது. அந்த நேரத்தில், கைக்கு எட்டிய கீழ் ஓரத்தில் அக்கா பொட்டு வைத்திருக்கிறார். வண்டி தரைக்கு வந்ததும் அந்த இடம் மடிப்புக்குள் போய்விட்டது. எவ்வளவு உயர்த்தினாலும் தரையில் நிற்கும் வண்டியில் அது வெளியே வராது. தொங்கினால்தான் வரும்.

"அக்கா, கொஞ்சம் வந்து பாருங்க" என்றேன். என் குரல் எனக்கே உரக்கக் கேட்டது.

வந்தார். சேற்றில் முழங்காலிட்டுப் பார்த்தார். நகத்தால் சுரண்டினார். பூச்சு காய்ந்து, ரப்பர் மடிந்த கோடுகளில் வெடித்திருந்தது. விரலை மோந்து பார்த்தார். நான் மடிப்புக் கதையைச் சொன்னேன், என் சட்டைக் கையையே சுருட்டிக் காட்டினேன். பெண்கள் கூடையை இறக்கிவைத்துவிட்டுக் கிட்டே வந்துவிட்டார்கள். எல்லோரும் அக்காவின் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

அவர் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார்.

"இத எப்ப வந்து பூசுனே?"

ஒரு பெண் வெடித்துச் சிரித்தாள். பிறகு எல்லோரும். "ஏங்க கடைக்காரம்மா, அண்ணன் இப்பத்தானே ஆட்டோவ விட்டு எறங்குனாரு. நாங்கதான் பாத்துக்கிட்டு இருக்கோமே" என்றாள் இன்னொருத்தி. மூன்றாமவள் போனில் அதைப் படம் பிடித்துக்கொண்டிருந்தாள். அன்று மாலைக்குள் பதுளை பஸ் ஸ்டாண்டில் அந்த ஒரு வாக்கியம் வாய்க்கு வாய் திரியப் போகிறது, என் பேர் எனக்குத் திரும்ப வரப் போகிறது என்று அங்கே நிற்கும்போதே தெரிந்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பொய் சொல்வானேன், துள்ளிக் குதிக்கலாம் போலிருந்தது.

வண்டியை வெளியே எடுத்தோம். அக்கா சாவியை நீட்டினார். "என்னால இப்ப முடியாது. நீ ஓட்டு." மச்சான் ஆட்டோவில் முன்னே போனான். நான் ஓட்ட, அக்கா பக்கத்தில் உட்கார்ந்து வந்தார். வெகுதூரம் மடியிலிருந்த கைகளையே பார்த்துக்கொண்டு வந்தார். என் சந்தோஷம் கொஞ்சம் கொஞ்சமாக வடியத் தொடங்கியது.

"தம்பி."

"சொல்லுங்கக்கா."

"நீதான் பூசுனேன்னு சொல்லிரு."

எனக்குச் சுருக்கென்றது. இன்னுமா என்று திரும்பினேன். அவர் முகத்தில் சண்டை இல்லை. கெஞ்சல் இருந்தது. அந்த முகத்தில் அதைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

"நான் வெளிய சொல்ல மாட்டேன். கடைக்கு வாரவங்ககிட்ட நல்ல கராஜுன்னே சொல்றேன். நமக்குள்ள மட்டும் ஒரு வார்த்தை. ஒரு நாள் வந்தேன், பூசுனேன்னு."

"ஏங்க்கா? உங்களுக்கு என்னத்துக்கு அது?"

"நீ பூசலன்னா அது அங்கனயேதான் இருந்திருக்கு. இம்புட்டு நாளும். நான் உத்துப் பாத்தும் என் கண்ணுல படல." கொஞ்ச நேரம் வெளியே பார்த்தார். "அப்பிடி ஒரு எடம் இருக்கும்னா, அம்மா சங்கிலியும் எங்கனயாச்சும்..."

பசறை நெருங்கிக்கொண்டிருந்தது.

ஆமாம் என்று சொல்லிவிடத்தான் நினைத்தேன். வாய்வரை வந்தது. என் பேருக்கு இனி ஒன்றும் ஆகாது, அது படமாக ஊரெல்லாம் போய்விட்டது. ஒரு வயதான மனுஷிக்கு ஒரு பொய்யைக் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்? ஆனால் நான் கள்ளன் என்று ஒத்துக்கொண்டால், பசறையில் இருக்கிற அந்த அம்மாளும் என்னோடு சேர்ந்து மறுபடி கள்ளியாவார். எனக்குக் கொஞ்ச நாள்தான் அந்தப் பேர் இருந்தது. அதையே என்னால் தாங்க முடியவில்லை.

"நான் பூசலக்கா" என்றேன்.

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். கேட்ட கேள்விக்கு விடை தெரிந்தே கேட்டவர்போல்.

பசறை டவுனுக்குள் வந்ததும், "நிப்பாட்டு" என்றார். ஒரு சந்து வாசலில் நிறுத்தினேன். அக்கா முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. சந்தின் கோடியில் ஒரு வீட்டு முன்னால், மழை விட்ட வெயிலில் ஒரு அம்மாள் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். இதே உயரம், இதே கொண்டை. அக்கா முந்தானையால் கன்னத்துச் சேற்றைத் துடைத்தார். தலையை ஒதுக்கிவிட்டார். கதவில் கையை வைத்தார். நான் எஞ்சினை அமத்தினேன். எனக்குள் யாரோ 'இறங்குங்க, இறங்குங்க' என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள்.

அந்த அம்மாள் கடைசித் துணியையும் போட்டுவிட்டு வாளியோடு உள்ளே போனார். அக்கா கதவிலிருந்து கையை எடுத்தார்.

"எடு தம்பி."

"எறங்கலையாக்கா?"

"இப்பப் போயி நின்னா, என்னத்துக்கு வந்திருக்காளோன்னு அவ சந்தேகப்படுவா."

நான் வண்டியை எடுத்தேன்.